வேலி தாண்டும் வண்டு

பட்டுக்கோட்டையிலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் சேதுபாவாசத்திரத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு இந்தத் தென்னை உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

தென்னையைத் தாக்கும் பூச்சிகளையும் நோய்களையும் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்று பட்டியல் வாசித்துவிட்டு இறங்கினால் உங்களுக்கும் எளிது, எனக்கும் எளிது. ஆனால் அந்தப் பட்டியல் துண்டறிக்கையில் அச்சாகியே இருக்கிறது. போன முகாமில் கொடுத்தது சில வீடுகளில் அலமாரியில் இருக்கும். சில வீடுகளில் வடை மடிக்கப் போயிருக்கும். அதை மறுபடி வாசிக்க நான் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தென்னைக்கு வரும் கேட்டில் பெரும்பாலானதை ஒரு தோப்புக்காரர் தனியாக நின்று தீர்க்க முடியாது. பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கிறது. பட்டாவில் சர்வே எண் இருக்கிறது. வண்டுக்கு அது தெரியுமா? மண்ணுக்கடியில் வேர் விட்டு வேர் தாவும் பூசணத்துக்கு வரப்பு தெரியுமா? காற்றோடு வரும் வெள்ளை ஈ உங்கள் கம்பிவேலியைப் பார்த்துத் திரும்பிப் போகுமா? போகாது. எல்லை பார்த்து நிற்பவர்கள் நாம் மட்டும்தான்.

காண்டாமிருக வண்டிலிருந்து தொடங்குகிறேன். நம் எல்லோருக்கும் அறிமுகமான ஆள். மழை விட்ட இரவில் திண்ணை விளக்குக்கு வந்து தொப்பென்று விழும். கறுப்பாக, பளபளப்பாக, மூக்கின் மேல் ஒரு கொம்போடு இருக்கும். பகலெல்லாம் ஒளிந்துகொண்டு இரவில் மரத்துக்குப் போகும். விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கி, மென்று, சாற்றைக் குடித்துவிட்டு, சக்கையைத் துளைவாய்க்குத் தள்ளும். அன்றைக்குக் கீழே நின்று பார்த்தால் மரத்தில் ஒரு மாறுதலும் தெரியாது. அந்தக் குருத்து வளர்ந்து கீற்றாக விரிந்த பிறகுதான், கத்தரிக்கோல் வைத்து வெட்டியது போல் முக்கோணம் முக்கோணமாக வெட்டுகள் தெரியும். வெட்டைப் பார்த்துவிட்டு நாம் வண்டைத் தேடுகிறோம். வண்டு போய் எத்தனை நாளாயிற்று!

சரி, அந்த வண்டு எங்கே பிறந்தது? மரத்திலா? இல்லை. வண்டு தின்பது மரத்தில், பிறப்பது எருக்குழியில். மக்கிய சாணத்தில், இற்றுப்போன தென்னங்கட்டையில், மரத்தூள் குவியலில் பெண் வண்டு முட்டையிடும். ஒரு வண்டு நூறு முட்டைக்கு மேல் இடும். புழு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை அந்த எருவையே தின்று வளரும். எருக்குழியை மண்வெட்டியால் ஒரு புறம் சரித்துப் பாருங்கள். உடம்பை வளைத்துச் சுருட்டிக்கொண்டு, வெள்ளையாகக் கொழுத்து, பழுப்புத் தலையோடு கிடக்கும். கோழி அதைக் கண்டால் விடாது.

இப்போது நான் கேட்கிறேன். எருக்குழி யாருடையது? தென்னை யாருடையது? இருநூறு மரம் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு மாடுகூட இல்லாமல் இருக்கலாம். நான்கு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு தென்னைகூடச் சொந்தமில்லாமல் இருக்கலாம். அவர் எதற்காகக் குழியைக் கிளற வேண்டும்? அவரிடம் யாராவது போய் விவரம் சொன்னோமா? தென்னை விவசாயிகள் கூட்டம் என்று தட்டி வைக்கிறோம். சிட்டா அடங்கல் இருப்பவருக்குத்தான் அழைப்பு. ஊர் வண்டெல்லாம் எவருடைய குழியில் பிறக்கிறதோ, அவருக்கு அழைப்பே இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிவிட்டால் அது வண்டாகப் போவதில்லை. இதற்குச் செலவு என்ன? அரை நாள் கூலி. அதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது. மெட்டாரைசியம் என்று ஒரு பச்சைப் பூசணம். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினால் புழுவின் மேல் படிந்து உள்ளே இறங்கும். செத்த புழு அழுகாது. விறைத்து, முதலில் வெள்ளை பூத்து, பிறகு பச்சைப் பொடி போர்த்துக் கிடக்கும். அந்தப் பொடியே அடுத்த புழுவுக்கு எமன். கேரளத்தில் காயங்குளத்தில் இருக்கும் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தப் பூசணத்தைச் சோற்றில் வளர்க்கப் பெண்கள் குழுக்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடத்துச் சரக்கு அடுப்படிக்கு வந்தது. தோப்பு தோப்பாக அல்ல, ஊர் ஊராக எருக்குழிகளுக்குப் போய் ஊற்றினார்கள். சூட்சுமம் அதுதான். பத்துக் குழியில் ஒன்பதுக்கு ஊற்றி ஒன்றை விட்டால், அந்த ஒன்று ஊருக்கே வண்டு அனுப்பும்.

கஜா புயலை நாம் மறந்துவிட முடியுமா? 2018 நவம்பர் 16. விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை, வானம்தான் இருந்தது. முப்பது வருஷ மரம், அப்பா வைத்த மரம், ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தது. கணக்கெடுக்க வந்தார்கள், நிவாரணம் எழுதினார்கள். கிடந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தக் கையில் காசு இல்லாதவர்கள் அப்படியே விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வண்டு இரக்கம் பார்க்குமா? மழையில் நனைந்து இற்றுப்போன ஒவ்வொரு கட்டையும் அதற்குப் பிரசவ அறை. அந்தக் கட்டைகளுக்கு நடுவிலேதான் நாம் புதுத் தென்னம்பிள்ளை வைத்தோம். ஓங்கி வளர்ந்த மரம் இரண்டு குருத்து போனாலும் தாங்கும். இரண்டு வயதுப் பிள்ளையின் குருத்தை வண்டு துளைத்தால் அதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? புயல் ஒரே இரவில் போய்விட்டது. அது விட்டுச் சென்ற கட்டைகள்தான் அதன் பிறகு பல வருஷம் நம்மோடு இருந்தன.

வண்டு பறந்து போகும் தூரத்தைவிட நாம் ஏற்றிக்கொண்டு போகும் தூரம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசிபிக் கடலில் சமோவா என்று தீவுகள் இருக்கின்றன. தென்னையை நம்பியே வாழும் மக்கள். 1909-ல் நம் பக்கத்து இலங்கையிலிருந்து அங்கே ரப்பர் நாற்று போயிற்று. அதோடு இந்த வண்டும் போயிற்று. அங்கிருந்து பல தீவுகளுக்குப் பரவிற்று. அறுபதுகளில் மலேசியாவில் இந்த வண்டைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்து, 1967-ல் சமோவாவில் கொண்டு போய் விட்ட பிறகுதான் அவர்கள் மூச்சுவிட்டார்கள். கப்பலில் நடந்தது இன்றைக்கு லாரியில் நடக்கிறது. வெளியூரிலிருந்து எரு வாங்கி இறக்குகிறோமே, ஒரு கூடை சரித்துப் பார்த்துவிட்டு இறக்குகிறோமா?

அடுத்தது சிவப்புக் கூன்வண்டு. காண்டாமிருக வண்டு திருடன் என்றால் இது கொலைகாரன். காயமில்லாத மரத்தில் இது பெரும்பாலும் நுழையாது. கொம்பு வண்டு போட்ட துளை, ஏறுவதற்காக வெட்டிய படி, பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டிய வெட்டுவாய், இவற்றில் வழியும் சாற்றின் வாடைக்கு வந்து முட்டையிடும். புழு உள்ளே தண்டைத் தின்னும். வெளியில் ஒரு சின்னத் துளையும், அதிலிருந்து பழுப்பாக வழியும் சாறும், நார்ச் சக்கையும்தான் தெரியும். அமைதியான நேரத்தில் மரத்தில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே நறநறவென்று மெல்லும் சத்தம் கேட்கும். நடுக்குருத்து வாடிக் கொண்டை சாய்ந்த பிறகு தெரிந்து என்ன பயன்? அதனால்தான் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டச் சொல்கிறார்கள். நான்கடி மட்டையை மரத்தில் விட்டால் தோப்பு பார்க்க அழகாக இல்லையாம்! அழகு பார்த்து மரத்தைக் கொடுக்க வேண்டுமா?

இந்த இரண்டு வண்டுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வந்திருக்கிறது. வாளியில் ஒரு சின்னப் பொட்டலம் தொங்கும். அதன் வாடைக்கு வண்டு வந்து விழும். நல்ல கருவி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வாடை எவ்வளவு தூரம் போகும்? ஊரில் ஒருவர் மட்டும் வாங்கித் தன் தோப்பின் நடுவில், அதுவும் இளம்பிள்ளைகளுக்கு இடையில் கட்டினால் என்ன ஆகும்? ஊர் வண்டெல்லாம் அவர் தோப்புக்கு விருந்துக்கு வரும். வந்ததெல்லாமா வாளியில் விழும்? வழியில் இருக்கும் மரத்தில் இறங்கும். பிறகு பொறி மோசம் என்று ஊரெல்லாம் சொல்வார். பொறி மோசமில்லை ஐயா, தனியாகக் கட்டியதுதான் மோசம். ஒரு தெருத் தோப்புகள் எல்லாம் சேர்ந்து, ஒரே நேரத்தில், மரத்தில் கட்டாமல் ஓரத்தில் கம்பு நட்டுக் கட்ட வேண்டும். வாங்க முடியாதவர்கள் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்பானைகளில் தோப்பில் வைக்கலாம். காண்டாமிருக வண்டு அதில் வந்து விழும்.

பூச்சியாவது கண்ணுக்குத் தெரிகிறது. நோய்க்கு வருவோம். தஞ்சாவூர் என்றால் பெரிய கோவில், தலையாட்டி பொம்மை என்று ஊருக்கெல்லாம் பெருமை. தென்னை விஞ்ஞானிகளிடம் கேட்டால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்பார்கள். 1952-ல் ஒரு புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் கண்டு சொன்ன நோய் அது. அடித்தண்டழுகல் என்றும் சொல்வதுண்டு. கேனோடெர்மா என்ற பூசணம். மண்ணுக்குள் இருந்து வேரை அழுகவைத்துக்கொண்டே வரும். தூரில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பாகச் சாறு கசியும். கசிவு மாதத்துக்கு மாதம் மேலே ஏறும். அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். காய் குறையும், பிறகு நின்றே போகும். தூரை ஒட்டி அரைவட்டமாக, மேலே மெருகு போட்டதாக ஒரு காளான் வெளியே வருமே, அது வந்துவிட்டால் உள்ளே வேரில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள்.

கோடையில் தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட மணல் தோப்பில் இது அதிகம். மரத்துக்கு வருஷம் ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு, நுண்ணுயிர் கலந்த தொழு உரம், ஊடே வாழை என்று நம் பக்கத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் முறையாகச் சொல்வார்கள். போய்க் கேளுங்கள். நான் இங்கே அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. நோய் வந்த மரத்தைச் சுற்றி அகழி எடுத்து, பக்கத்து மரத்தோடு வேர் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். ஒரு மரத்தின் தண்ணீர் இன்னொரு மரத்துக்குப் பாயாமல் மரத்துக்கு மரம் வட்டப்பாத்தி கட்ட வேண்டும். தோப்பு முழுக்க மடை திறந்து பாய்ச்சினால் நோயையும் சேர்த்துப் பாய்ச்சுகிறோம். உங்கள் தோப்பில் பாய்ந்த தண்ணீர் எங்கே வடிகிறது? அடுத்தவர் தோப்பில்.

ஆனால் நடப்பது என்ன? சாறு வடியும் இடத்தில் களிமண்ணை அப்பி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏன்? தோப்பை விற்கப் போகிறார், அல்லது குத்தகை பேசிக்கொண்டிருக்கிறார். நோய் என்று வெளியில் தெரிந்தால் விலை போகாது. கோபப்பட்டுப் பயனில்லை. மகள் கல்யாணம் அந்தத் தோப்பில் நிற்கும்போது யார்தான் போய் நோய் என்று தண்டோரா போடுவார்? ஆகவே சொல்பவருக்கு நஷ்டம் வராத ஏற்பாட்டை ஊர்தான் செய்ய வேண்டும். நோயைச் சொன்னவர் தோப்புக்கு முதலில் போய் அகழி வெட்ட நான்கு பேர் மண்வெட்டியோடு நின்றால், அடுத்தவர் மறைக்க மாட்டார். இந்த ஒரு வேலையை எந்தத் துறையும் நமக்காகச் செய்ய முடியாது.

மேற்கே இன்னொரு நோய் இருக்கிறது. வேர் வாடல். 1882-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்த பிறகு மீனச்சில் தாலுகாவில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனித்தார்கள். அங்கே வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே புயலுக்குப் பிறகு. பெரும் சேதம் வரும்போது நம் கண்ணெல்லாம் சாய்ந்த மரத்தின் மேல் இருக்கிறது. நிற்கும் மரத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் கொண்டு போகின்றன. கீற்று துவண்டு, விலா எலும்பைப்போல் உள்ளே வளையும். மலை தாண்டிக் கம்பம், செங்கோட்டை, கன்னியாகுமரிப் பக்கமும், பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளிலும் வந்துவிட்டது. குணப்படுத்த மருந்து இல்லை.

இந்த நோயின் வம்பு என்ன தெரியுமா? மரம் சாகாது. நூறு காய் காய்த்த இடத்தில் ஐம்பது காய்க்கும், பிறகு இருபது. நோய் புதிதாக எட்டிப் பார்க்கும் இடத்தில், கண்ட மரத்தை உடனே வெட்டி அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். இருபது காய் காய்க்கும் மரத்தை எவர் மனமுவந்து வெட்டுவார்? கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த அம்மா வீட்டில் இருக்கும்போது கோடரியை எடுக்க முடியுமா? நான் வெட்டி அவர் வெட்டாவிட்டால் என் மரம் போனதுதானே மிச்சம் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெட்டினால் ஊர் சேர்ந்து வெட்ட வேண்டும், வைத்தால் ஊர் சேர்ந்து வைக்க வேண்டும். மறுபடி வைப்பதற்குக் காயங்குளத்தார் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா என்று தாங்கும் ரகங்களைக் கொடுத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் நாற்று வாங்குபவர்களும், எந்த ஊர் எந்தத் தோப்பின் விதைக்காய் என்று கேட்காமல் வாங்காதீர்கள். மலிவாக வண்டியில் வந்து விற்கிறார்கள் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேளுங்கள்.

வெள்ளை ஈயைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை இறங்க விடமாட்டீர்கள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2016-ல் பொள்ளாச்சியில் தென்பட்டது. கீற்றின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைத்து, சாற்றை உறிஞ்சி, இனிப்பு நீரைக் கீழே சொரியும். அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து மரம், ஊடுபயிர், வீட்டு ஓடு எல்லாம் கறுத்துப்போகும். பார்த்தவுடன் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். அங்கேதான் தவறு. இந்த ஈக்கு என்கார்சியா என்று ஓர் எதிரி இருக்கிறது. கடுகைவிடச் சின்னக் குளவி. ஈயின் குஞ்சுக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். கடும் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஈ மறுபடி பெருகும், தடுக்க ஆள் இருக்காது. விசைத்தெளிப்பானால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளியுங்கள், காய்ந்து உதிரும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும். குளவி இருக்கும் தோப்பிலிருந்து கீற்றுத் துண்டுகளை வெட்டி, இல்லாத தோப்புக்குக் கொண்டு போய்க் கட்டுங்கள். பூச்சியை ஊர் பகிர்ந்துகொள்கிறது, பூச்சிக்கு எமனையும் பகிர்ந்துகொண்டால் என்ன?

கருந்தலைப் புழுவும் அப்படித்தான், ஒட்டுண்ணி விட்டால் அடங்கும். மழைக்காலக் குருத்தழுகலுக்கு, இழுத்தால் கையோடு வரும் அழுகிய குருத்தை அகற்றிப் போர்டோ பசை தடவ வேண்டும். காய்ச்சிலந்தி, தண்டுச் சாறு வடிதல் எல்லாம் கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் தெரிந்து என்ன, முதலில் பார்ப்பது யார்? நான் ஐம்பதடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறேன். நீங்களும் அப்படித்தான். குருத்தில் சக்கை தள்ளியிருப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பவர் ஒருவர்தான். ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் கொண்டையிலும் போய் உட்காருகிறாரே, அந்த மரமேறி. ஒரு நாளில் மூன்று தோப்பு, நான்கு தோப்பு பார்க்கிறார். எந்தத் தோப்பில் வண்டு ஏறியிருக்கிறது, எது தப்பிப் பிழைத்திருக்கிறது என்ற வரைபடமே அவர் தலைக்குள் இருக்கிறது. அவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? எத்தனை காய் விழுந்தது என்று கேட்கிறோம். மேலே என்ன பார்த்தாய் அண்ணே என்று கேட்டதுண்டா? கம்பியால் வண்டைக் குத்தி எடுத்தால் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியதுண்டா? அவர் அவசரத்தில் மட்டையை ஒட்ட வெட்டினால் திட்டுகிறோம். நான்கடி விட்டு வெட்ட வேண்டும் என்று அவரை உட்கார வைத்து யார் சொன்னார்கள்? கீற்று முடையும் அம்மாக்களும் அப்படித்தான். ஓலை கைக்கு வரும்போதே கருந்தலைப் புழுவின் கூட்டை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

ஆகவே வரும் காய்வெட்டுக்குள் சில காரியங்களை முடித்துவிடுவோம். டீக்கடையில் ஒரு நோட்டு வையுங்கள். மரமேறி எந்தத் தோப்பில் எதைப் பார்த்தாலும் அதில் எழுதட்டும், எழுத வராதவருக்குக் கடைக்காரர் எழுதட்டும். தோப்பை விட்டுவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அவர்கள் தோப்புக் கட்டைகளின் படத்தை அனுப்புங்கள். அப்புறப்படுத்த அவர்கள் பணம் அனுப்பட்டும், ஆள் நாம் போவோம். மாடு வைத்திருப்பவர்களின் வீடு வீடாகப் போங்கள், கையில் பூசணப் பொட்டலத்தோடு போங்கள், அறிவுரையோடு மட்டும் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் வேளாண் அலுவலரை அழையுங்கள், கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசில்லாத அழைப்பு, தமிழிலேயே பேசலாம்.

நான் பேசியது போதும். கேள்விகளுக்கு வருவோம். தலைவர் அனுமதித்தால், சங்கத்து நிர்வாகிகள் கடைசியாகக் கேட்கட்டும். மரம் ஏறுபவர்கள் இங்கே எட்டுப் பத்துப் பேராவது இருப்பீர்கள். ஒலிபெருக்கியை முதலில் அவர்களிடம் கொடுங்கள். இந்த மாதம் மேலே என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், அண்ணே.